பாலத்துக்கு எத்தனை மார்க்

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் சீர் திரும்பி வந்துவிட்டது.

கரும்பு ஒரு கட்டு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, தங்கச்சிக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. எல்லாவற்றையும் காலையில் ஒரு ஆட்டோவில் ஏற்றி பொன்மலைப்பட்டியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினேன். மத்தியானம் அதே ஆட்டோ, அதே கரும்பு. ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "அம்மா வாங்க மாட்டேன்னுட்டாங்க சார். அண்ணன் கொண்டுவந்தா சீரு, ஆட்டோ கொண்டுவந்தா அது பார்சலுன்னு சொல்லச் சொன்னாங்க."

வேலம்மாள் எனக்கு ஒரே தங்கச்சி. அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து சீரை நான்தான் தலையில் தூக்காத குறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று போனில் கேட்டாள். "தை பொறக்கும்போதே உன் புருஷன் மூஞ்சில முழிக்கணுமா?" என்றேன். நாற்பது வருஷமாகச் சொல்லும் கிண்டல்தான். சிரிப்பாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டாள்.

கரும்பை யார் தின்பது? எனக்கு இருப்பது ஆறு பல்.

ஜனவரி 13

பக்கத்து வீட்டு பீமராவ் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. இதில் மட்டும் உண்மையை எழுதி வைக்கிறேன். எழுத்துப்பிழையை யாரும் பார்க்கப்போவதில்லை, எட்டாவது ஃபெயில் ஆனவனுக்கு இதுதான் சுகம்.

என்னால் காவிரிப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

போன ஆடிப் பதினெட்டு அன்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். பஸ் பாலத்து நடுவில் நின்றுவிட்டது. முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம், கீழே தண்ணீர். திடீரென்று நெஞ்சு சம்மட்டி மாதிரி அடிக்க ஆரம்பித்தது. மூச்சு ஏறவில்லை. விரலெல்லாம் மரத்துப்போனது. பக்கத்து சீட்டு அம்மா ஏதோ கேட்டாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. சரி, செத்தாச்சு என்று முடிவு பண்ணினேன். சாகிறவன் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? இறங்கி ஓடினேன். எழுபத்திரண்டு வயசில், பாலத்து முனையில் இருக்கிற அண்ணா சிலை வரைக்கும், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு.

அப்புறம் நாலு ஈசிஜி. நாலும் நார்மல். வீட்டில் ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை. "நாலு எடுத்தும் ஒண்ணுமே வரலையா?" என்று என் சம்சாரம் மலர்க்கொடி கேட்டாள், நான் பரீட்சையில் கோட்டைவிட்ட மாதிரி. பீமராவ் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "கேஸு" என்றார். அவருக்கு எல்லாமே கேஸு. அவர் வீட்டு கேட் பூட்டு திறக்காததற்கும் கேஸு என்றுதான் சொல்வார்.

நாலாவது ஈசிஜியை லேமினேட் பண்ணிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எங்காவது விழுந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்து? நார்மல் என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

ஜனவரி 19

வேலம்மாள் போன் பண்ணினாள். சண்டை போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மார்ச் பதினாறு, ஞாயிறு, மாப்பிள்ளைக்கு எழுபது முடிகிறது. பீமரத சாந்தி. ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டதாம். பிறந்த வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மேடையில் உட்கார வேண்டும், அதை அண்ணன்காரன் கொண்டுபோக வேண்டும்.

"நீயே கால் வச்சு வரணும்ணே. ஆட்டோ வந்துச்சு, நான் மேடை ஏற மாட்டேன். அவருக்கு மட்டும் தனியா மாலை போட்டு உட்கார வச்சுக்கட்டும். அதோட எனக்கு அண்ணனும் இல்லை."

வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. "ஒரு தடவை பண்ணின தப்பு போதாதா, அந்த ஆளையே திரும்பக் கட்டிக்கிறியே?"

சொல்லியிருக்கக் கூடாது.

ஜனவரி 24

ஐந்தாவது ஈசிஜி எடுக்கச் சொன்னேன். டாக்டர் மாட்டேன் என்று மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மலர்க்கொடிக்கு முகம் விழுந்துவிட்டது. தெருவில் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள முடிவு. இப்போது கண்ணைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு தடவை சிமிட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

மனநலப் பிரிவு நாலாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. "கரண்ட் மிச்சம் பண்ணுவோம்" என்று படியேறினேன். போய்ச் சேர்ந்தபோது இரைத்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த பெண் பெயர் கேத்தரின். டாக்டர் இல்லையாம், சைக்காலஜிஸ்ட். முப்பது வயசிருக்கும். கேள்வித்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். நெஞ்சு படபடக்கிறதா, வியர்க்கிறதா, கை நடுங்குகிறதா, தொண்டை அடைக்கிறதா, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் 'உண்டு', 'இல்லை' என்று கட்டம்.

நான் ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். இந்த மாதிரித் தாளை எப்படி நிரப்புவது என்று எனக்கா தெரியாது? வேகனில் ஒரு குறை இருக்கிறது என்று டிக் அடித்தால் அதன்மேல் 'சிக்' என்று சாக்பீஸில் எழுதி சிக் லைனில் தள்ளிவிடுவார்கள். மாசக்கணக்கில் புல் முளைத்துக் கிடக்கும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் எல்லோரும் குறை 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுவோம். இங்கேயும் இழுத்தேன். அரை நிமிஷம். திருப்பிக் கொடுத்தேன்.

கேத்தரின் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்தத் தாளு படி திருச்சி ஜில்லாவுலேயே உங்களை மாதிரி ஆரோக்கியமான ஆளு கிடையாது ஐயா. அப்புறம் எதுக்கு நாலு மாடி ஏறி வந்தீங்க? லிஃப்ட்டு ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"கரண்ட் மிச்சம்மா."

"வந்ததுலேருந்து ஏன் கதவுகிட்டயே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"காத்துக்கு."

"ஃபேன் அந்தப் பக்கம் இருக்கு."

அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவோடு வரச் சொன்னாள். புதுத் தாள் ஒன்றும் கொடுத்தாள்.

பிப்ரவரி 3

மாட்டிவிட்டாள். என் சம்சாரத்தைத்தான் சொல்கிறேன்.

கேத்தரின் கேட்கக் கேட்க மலர்க்கொடி கொட்டிவிட்டாள். தனியாகச் சந்தைக்குப் போய் ஆறு மாசமாச்சு. பஸ்ஸே கிடையாது. கோயில் கியூவில் நின்றதில்லை, வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வருகிறார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில், வாசல் ஓரத்து இலையில்தான் உட்காருவார். "பெருமை புடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்மா" என்றாள். எங்கே போனாலும் ஒரு பாட்டில் தண்ணீர், மாத்திரைப் பட்டை, போன், ஈசிஜி, கூடவே அவள். "என்னையும் லேமினேட் பண்ணிப் பையில வச்சுக்கிட்டா இவருக்கு சௌகரியம்."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி முழுசாகக் கழற்றிப் போட்டதில்லை.

கேத்தரின் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். வந்தால் எத்தனை நிமிஷம் இருக்கும்? பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போகுமா? போன பிறகு, 'மறுபடி வருமோ' என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்களா? அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்புக்கு வந்தது ஏழெட்டுத் தடவைதான். 'வருமோ' என்று உட்கார்ந்திருந்ததுதான் மீதி ஆறு மாசமும்.

தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னாள். டீ எத்தனை என்றாள். மூன்று என்றேன். மலர்க்கொடி ஏழு விரலைக் காட்டினாள்.

"வாழ வேணாம்னு எப்பவாவது தோணுதா ஐயா?"

"எனக்குத் தோணாதும்மா. இவளுக்குத் தோணும், என்னோட குடும்பம் நடத்தி."

யாரும் சிரிக்கவில்லை. கேத்தரின் பேனாவை வைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள், அவசரமில்லாமல். ஒழுங்காகப் பதில் சொன்னேன். இல்லை, சாகத்தான் பயமே.

பிப்ரவரி 10

ரத்தம் நார்மல். பெரிய டாக்டர் பார்த்தார், ஒரு மாத்திரை எழுதினார், வியாதிக்குப் பெயரும் சொன்னார். பேனிக் டிஸார்டர், கூடவே அகோரஃபோபியா. மாட்டிக்கொண்டால் தப்பிக்க முடியாதோ என்று இடங்களைக் கண்டு பயப்படுவதாம். பெயர் சீட்டில் இரண்டு வரி வருகிறது. பீமராவுக்கு வெறும் சுகர். ஒரே வார்த்தை.

"அப்ப என்னை சிக் லைன்ல போட்டுட்டீங்க" என்றேன் கேத்தரினிடம்.

"இல்லை ஐயா. நீங்களாத்தான் ஆறு மாசமா சிக் லைன்ல நின்னுக்கிட்டிருந்தீங்க. இப்பத்தான் ஷாப்புக்குள்ள வந்திருக்கீங்க."

இந்தப் பெண் என்னை விட வாயாடி.

வீட்டுப்பாடம் கொடுத்தாள். பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். போய், பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுத வேண்டும். மார்க் இறங்கும் வரைக்கும் ஓடக் கூடாது. தண்ணீர் பாட்டில், ஈசிஜி எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டில் விட வேண்டும். இன்னொன்று, போகாத இடத்துக்கெல்லாம் ஊராரிடம் என்ன சாக்குச் சொன்னேன் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பிப்ரவரி 11

எழுதினேன். கோயில் கியூவுக்குச் சொன்னது, "எனக்கு மோட்சம் ரிசர்வ் ஆயிடுச்சு, கியூ எதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸுக்குச் சொன்னது, "ரயில்வேக்காரன் ரோட்டுல போறது அவமானம்." இதற்கும் சிரித்தார்கள். லிஃப்ட், சந்தை, கல்யாணப் பந்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக். நல்ல ஜோக்குதான் எல்லாம்.

ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் எட்டு மாதிரி சொல்லியிருக்கிறேன். எட்டிலும் அழகர்சாமி மாப்பிள்ளை மூஞ்சி, மாப்பிள்ளை வழுக்கை, மாப்பிள்ளை கஞ்சத்தனம். பாலம் என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை.

எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரமாட்டேங்குது. அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினாரு? நான் பயந்து ஓடினதுக்கெல்லாம் அவரைப் போயி... சே.

பிப்ரவரி 13

போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். பத்து ஈசிஜி எடுத்துக்கொள்ளலாம், இது அதைவிடக் கஷ்டம்.

"வேலம்மா, எனக்குப் பாலம்னா பயம். அதான் வரலை. டாக்டர் பேரெல்லாம் சொல்லிட்டாங்க."

வேலம்மாள் சொன்னாள், "இதுவரைக்கும் சொன்னதுல இதுதாண்ணே ரொம்ப மட்டமான ஜோக்கு."

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 15

ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன். மாப்பிள்ளையிடமிருந்து பதில்: "சீல் நல்லா இருக்கு மச்சான். எங்க செஞ்சீங்க?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பத்தொன்பதில் அவருக்கு அஸ்ஸாமுக்கு டிரான்ஸ்ஃபர் என்று ஒரு ஆர்டர் டைப் அடித்து, முத்திரை குத்தித் தபாலில் அனுப்பினது நான்தான். மனுஷன் மூன்று ஸ்வெட்டர் வாங்கிவிட்டார். திருச்சியில் மூன்று ஸ்வெட்டர்.

பிப்ரவரி 18

கேத்தரின் சொல்லித்தான் தெரியும். நேற்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார், சீட்டு அசலா என்று விசாரிக்க. யாரைப் பற்றியும் யாரிடமும் சொல்வதில்லை என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். "அப்படி ஒரு ஆள் வந்தாரான்னு மட்டும் சொல்லுங்க." அதுவும் சொல்ல மாட்டோம் என்றிருக்கிறார்கள். உடனே அவருக்கு ஊர்ஜிதமாகிவிட்டது. சீட்டு போலி. இங்கே வந்திருந்தால் இங்கே இருக்கிறவர்கள் சொல்லியிருப்பார்களே!

நாற்பது வருஷமாக நான் செய்த போலியெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு அசல், அது செல்லவில்லை.

பிப்ரவரி 20

நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்தேன். 6. இருபது நிமிஷத்தில் 3. கண்டக்டர் கேட்டார், "பஸ்ஸு கிளம்பப் போவுது, டிக்கெட் எங்க?" கிளம்பப் போகிற பஸ் எனக்கு வேண்டாம் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையை வைத்தே கேத்தரின் இன்னொரு சீட்டு எழுதலாம்.

பிப்ரவரி 26

லிஃப்ட். 8. மலர்க்கொடி படியில் வந்தாள். அவளுக்கு மூட்டு வலி, ஆனாலும் கேத்தரின் சொன்னால் சொன்னதுதான். நாலாம் மாடியில் கதவு திறந்தபோது எதிரில் அவள் இல்லை. பத்து நிமிஷம் காத்திருந்தேன், தனியாக. 4.

மார்ச் 4

பாலம். முதல் விளக்குக் கம்பம். 9. ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "ஐயா, குதிக்கிற மாதிரி எண்ணம் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இருந்தா இந்தக் கம்பத்தை இப்படிக் கட்டிப்பிடிப்பேனா தம்பி?"

7.

மார்ச் 8, சனி

மூன்றாவது கம்பம் வரைக்கும் போனேன். ஈசிஜி வீட்டில். முன்னாலே எவரோ ஒருத்தர் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று என்னையே பார்க்கிறார். பார்த்தால் மாப்பிள்ளை.

மலர்க்கொடிதான் வரச் சொல்லியிருக்கிறாள். "உங்க மச்சான் ஆக்ட் பண்ணுறாரான்னு நீங்களே வந்து பாருங்க" என்று சவால் விட்டிருக்கிறாள்.

எனக்கு அந்த நேரம் பேச வாயில் எச்சில் இல்லை. நெஞ்சு திம் திம் என்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே கிட்டே வந்து, "என்ன மச்சான், வேஷம் பொருத்தமா இருக்கு" என்று என் கையைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐஸு மாதிரி இருக்கே... மச்சான், உட்காருங்க. ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"கூப்பிடாதீங்க. மார்க் இறங்குற வரைக்கும் நிக்கணும். பாடம்."

நின்றோம். லாரி போகும்போது பாலம் அதிரும், நான் அவர் கையை நசுக்குவேன். கால் மணி நேரம் கழித்து 5 என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இதைப் போன ஆடியிலேயே சொல்லியிருந்தா என்ன மச்சான்? ஏழு மாசம் அவ அழுதா. என்னாலதான் அண்ணன் வரலைன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். கல்யாண ஆல்பத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தேன், அப்படி என்ன மூஞ்சி நமக்குன்னு."

எனக்கு ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக். சொல்லவில்லை.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றேன்.

"பாருங்க, இதுதான் நடிப்பு" என்றார்.

மார்ச் 12

பாதிப் பாலம். மாப்பிள்ளை அந்தக் கரையிலிருந்து வருகிறார், நான் இந்தக் கரையிலிருந்து. 8-ல் ஆரம்பித்து 4.

மார்ச் 15

நாளைக்கு. புடவை அரக்கு நிறம். மலர்க்கொடி மூன்று தடவை மடித்துவிட்டாள். நான் இதுவரை பாலத்தில் பாதிக்கு மேல் போனதில்லை. கேத்தரினுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், நடுவில் வந்துவிட்டால்? "வந்தா வரட்டும் ஐயா. அதுவும் உங்ககூடவே ஸ்ரீரங்கம் வரைக்கும் நடந்து வரட்டும்" என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணா சிலையிலிருந்து நடந்துதான் போனோம். தட்டு என் கையில். புடவை, வேட்டி, மாலை, தாலி எல்லாம் அதில். பின்னால் மலர்க்கொடி பழத்தட்டோடு, அவளுக்குப் பின்னால் பீமராவ் தேங்காய்த்தட்டோடு. உண்மையைச் சொல்லியாச்சு அவரிடமும். "அப்ப கண்ணுல ஒண்ணுமில்லையா?" என்று கொஞ்சம் ஏமாந்துபோனார்.

காலை ஆறு மணி. பாதிப் பாலத்தில் வந்தது. 9. தட்டு நடுங்கி எலுமிச்சம்பழம் உருண்டு ரோட்டில் ஓடியது. பீமராவ் அதைத் துரத்தினார். நின்றேன். திரும்பலாம், அண்ணா சிலை பக்கம்தான். போகலாமா? போடா, போ, ஆட்டோ இருக்கு— 

எதிர்க் கம்பத்தடியில் பட்டு வேட்டி, நெற்றியில் விபூதியோடு ஒரு ஆள். அய்யர் மணையில் உட்காரக் கூப்பிடுகிற நேரத்தில், விழாவுக்குரிய மாப்பிள்ளையே பாலத்தில் நிற்கிறார். "என்ன மச்சான், சீரு வெயிட்டா இருக்கா? உங்க கையை வச்சுப் பார்த்தா ஒண்ணும் பெருசா இருக்காதே. கல்யாணத்துக்கே அரை டஜன் எவர்சில்வர் டம்ளரோட வந்த வீடுதானே!"

நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அந்தக் கரையில் மாம்பழச் சாலை வரைக்கும் விடவில்லை. என் பல், என் படிப்பு, நான் எண்பத்து மூன்றில் அவர் சைக்கிளைத் தொலைத்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒன்று. பதில் சொல்ல யோசித்துக்கொண்டே நடந்தேன்.

பாலம் முடிகிற இடத்தில் வேலம்மாள், ஆரத்தித் தட்டோடு. மண்டப வாசலில் எடுக்க வேண்டியதை இங்கே கொண்டு வந்திருக்கிறாள், எழுபது பேர் அங்கே காத்திருக்க. சுற்றினாள். பொட்டு வைத்தாள். என் நெற்றி ஈரமாக இருந்ததால் அது வழிந்தது.

"உனக்கு வேர்த்திருக்குண்ணே."

"ஆமா."

"ஆட்டோவுலயே வந்திருக்கலாம்ல," என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வேலம்மாள் வீட்டில் மீன் குழம்பு. மாப்பிள்ளையோடு சீட்டு ஆடினேன், கள்ளாட்டம் ஆடுகிறேன் என்று எழுந்து போய்விட்டார், அவர் சொன்னது சரிதான். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினேன், தனியாக. லேமினேட் ஈசிஜியை மலர்க்கொடி இப்போது மாவுச் சட்டிக்கு மூடியாக வைத்திருக்கிறாள்.

கேத்தரினுக்காக மார்க் எழுத உட்கார்ந்தேன். போகும்போது 3. வரும்போது எத்தனை போடுவது? ஜன்னல் சீட்டுக்காக ஒரு ஆளோடு மாம்பழச் சாலையில் ஆரம்பித்த சண்டை, சத்திரம் ஸ்டாண்டில்தான் முடிந்தது. நடுவில் பாலம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை.